முப்பது படத்துக்குத்தான் இடம்: டிவியில் கேம்பாய் கேமரா, ஆறு வருட அனுபவம்

2019 கோடையில் நியூ ஜெர்சியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கராஜ் சேல். அட்டைப்பெட்டி ஒன்றில் டிவியில் மாட்டி ஆடும் சூப்பர் நின்டெண்டோ கன்சோல், இரண்டு கன்ட்ரோலர், சூப்பர் கேம்பாய் அடாப்டர். எல்லாவற்றுக்கும் அடியில், தலையில் உருண்டைக் கண் வைத்த மஞ்சள் கார்ட்ரிட்ஜ் ஒன்று. வேலை செய்யுமா என்று கேட்டேன். விற்ற பெரியவர் கண்ணை விரலால் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, "திரும்புது பாருங்க" என்கிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி மொத்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அந்த மஞ்சள் கார்ட்ரிட்ஜ்தான் கேம்பாய் கேமரா, 1998-ல் வந்தது. ஜப்பானில் அதன் பெயர் பாக்கெட் கேமரா. சாதாரணமாகக் கேம்பாய் என்கிற கையடக்க ஆட்டக் கருவியில் செருகிப் பயன்படுத்துவது. சூப்பர் கேம்பாய் என்பது 1994-ல் வந்த அடாப்டர். சூப்பர் நின்டெண்டோவில் அதைச் செருகி, அதன் தலையில் கேம்பாய் கார்ட்ரிட்ஜைச் செருகினால் ஆட்டம் டிவியில் ஓடும். கேமராவையும் இப்படிச் செருகலாம். டிவிக்குக் கீழே கன்சோல், அதன்மேல் அடாப்டர், அதன்மேல் கேமரா. மூன்றடுக்குக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒற்றைக் கண் சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இது ஆறு வருடமாக இப்படித்தான் நிற்கிறது.

படத்தின் தரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகலம் 128 பிக்சல், உயரம் 112. நிறம் என்று பார்த்தால் வெள்ளை, கறுப்பு, நடுவில் இரண்டு சாம்பல். ஒரு படத்துக்கு வெறும் மூன்றரை கிலோபைட். இன்றைய கைபேசிப் படம் ஒன்றின் இடத்தில் இதுபோல ஆயிரத்தை அடுக்கலாம். ஆனால் புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும் போட்டு, இல்லாத சாம்பல்களையும் இருப்பதுபோலக் காட்டிவிடும். பழைய செய்தித்தாள் படம் மாதிரி. பழைய டியூப் டிவியில் பார்த்தால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து, முகம் முகமாகவே தெரியும். அதே படத்தைப் புது தட்டைத் திரையில் போட்டேன், செங்கல் அடுக்கின மாதிரி இருந்தது. அதனால் மனைவி எவ்வளவு சொல்லியும் அந்தக் கனத்த டிவியை வெளியே அனுப்பவில்லை.

வெளிச்சம் வேண்டும், நிறைய வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் கூடத்து விளக்கில் எடுத்தால் முகம் கரிச்சட்டிதான். திரையில் தெரியும் நேரடிக் காட்சியும் இருட்டில் தத்தித் தத்தி நகரும். கையை அசைத்தால் கொஞ்சம் கழித்துத்தான் படத்தில் கை அசையும். ஞாயிறு காலை ஜன்னல் வெயில் சோபாவில் விழும் நேரம்தான் எங்களுக்குப் படப்பிடிப்பு நேரம். இவ்வளவு பலவீனமான கண்ணைக்கூட 2017-ல் நெதர்லாந்தின் லைடனில் பழைய தொலைநோக்கி ஒன்றில் பொருத்தி நிலாவையும் வியாழனையும் பிடித்திருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சோபாவைத் தாண்டவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

எடுப்பதைவிட, எடுத்தபின் செய்வதில்தான் இதன் உயிர் இருக்கிறது. படத்தின்மேல் கிறுக்கலாம், மரியோ, போக்கிமான் ஸ்டாம்ப் குத்தலாம், சுற்றிச் சட்டம் மாட்டலாம். கிறுக்குவது கன்ட்ரோலரின் திசைப் பொத்தானில்தான், அதனால் வளைந்த கோடு எதுவும் வளையாது, படிக்கட்டாக இறங்கும். அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருந்தபோது என் மகள் பாட்டிக்கு முறுக்கு மீசை வரைய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். மீசை முறுக்கவே இல்லை. வேலிக்கம்பி மாதிரி நின்றது. அம்மாவுக்கு அது போதும், "உங்க தாத்தா மீசை அப்படியே இருக்குடி" என்றார்.

ஆனால் எங்களை ஆறு வருடம் கட்டிப்போட்டது ஸ்டாம்போ மீசையோ இல்லை, ஹாட் ஸ்பாட். படத்தில் ஓர் இடத்தைக் குறித்து, அந்த இடத்தை அழுத்தினால் எந்தப் படத்துக்குப் போக வேண்டும், போகும்போது என்ன சத்தம் வர வேண்டும் என்று முடிச்சுப் போடலாம். வீடுகளுக்கு இணையம் அப்போதுதான் பரவலாக வந்துகொண்டிருந்த காலத்தில், இணைப்பைச் சொடுக்கி அடுத்த பக்கம் போகும் சங்கதியை ஒரு விளையாட்டுச் சாமானுக்குள் வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் ஒரு கதை செய்தோம். காணாமல் போன சாவியைத் தேட வேண்டும். வாசல் கதவுப் படத்தில் கைப்பிடியை அழுத்தினால் கூடம். கூடத்தில் சோபாவை அழுத்தினால் அடியில் ஒற்றைச் செருப்பு. சமையலறையில் ஃப்ரிட்ஜை அழுத்தினால் மகள் முறைக்கும் முகம். சாவி அரிசி டப்பாவில். கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைய முடியாதே? அதற்காகவே கேம்பாயின் சின்ன வடிவமான கேம்பாய் பாக்கெட் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதில் செருகி வீடு பூராவும் படமெடுத்துவிட்டு, அணைத்துக் கழற்றி, சூப்பர் நின்டெண்டோவில் மாட்டினால் படங்கள் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். உட்கார்ந்து முடிச்சுப் போட வேண்டியதுதான்.

படங்களை அடுக்கி அசையவிடும் வசதியும் உண்டு, 42 கட்டம் வரை. ஆனால் ஆல்பத்தில் மொத்தமே 30 படங்களுக்குத்தான் இடம், அதனால் சிலதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். களிமண் நத்தை ஒன்று மேசையைக் கடக்கும் படம் செய்ய, அதற்கு முன் எடுத்ததில் பாதியை அழித்தோம். பனோரமா, இரண்டு படத்தை ஒட்டும் வசதி எல்லாம் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

உள்ளே சின்ன ஆட்டங்களும் இருக்கின்றன. ஸ்பேஸ் ஃபீவர் 2 என்கிற சுடும் ஆட்டம் தொடங்கும்போது இரண்டு கப்பல் வரும். ஒன்றைச் சுட்டால் பந்து பிடிக்கும் ஆட்டம், இன்னொன்றைச் சுட்டால் டிஜே. இரண்டையும் விட்டுவிட்டால் சண்டை தொடரும். பந்து ஆட்டம் 1980-ல் வந்த முதல் கேம் அண்ட் வாட்ச் கையடக்க ஆட்டத்தின் மறுபதிப்பு, ஆடுபவரின் உடம்புமேல் நம் முகம் உட்காரும். என் தலையை மகள் பந்துக்கு ஆட்டுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

டிஜேயில் கட்டங்களை நிரப்பி மெட்டுப் போடலாம். இதில் ஒரு வேடிக்கை. கேம்பாய் பாக்கெட்டில் மகள் போட்ட மெட்டை டிவியில் ஓடவிட்டதும், பாட்டு கற்றுக்கொண்ட என் மனைவி, "சுருதி ஏறி நிக்குதே" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேடிப் படித்தால் அவள் சொன்னதுதான் சரி. சூப்பர் கேம்பாய் தன் கடிகாரத் துடிப்பை சூப்பர் நின்டெண்டோவிலிருந்து எடுத்துக்கொள்வதால் எல்லாமே சுமார் 2.4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி அரைச் சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும்.

அடாப்டரால் ஒரு லாபமும் உண்டு. நான்கு சாம்பலுக்குப் பதில் நான்கு நிறம் பூசலாம், தயாராக 32 நிறக்கூட்டுகள் இருக்கின்றன. அம்மாவின் மீசைப் படத்தைச் செம்மண் நிறத்தில் மாற்றினால் நிஜமாகவே பழைய ஸ்டூடியோப் படம் போல இருக்கும். நஷ்டம் பெரியது. அடாப்டரில் இணைப்புக் கம்பி மாட்ட இடமே இல்லை, அதனால் டிவியிலிருந்து கேம்பாய் பிரிண்டரில் அச்சடிக்க முடியாது. அந்த வாய் ஜப்பானில் மட்டும் வந்த சூப்பர் கேம்பாய் 2-ல்தான் இருக்கிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. மெனுவில் ரன், அதாவது ஓடிப்போ, என்று ஒன்று இருக்கும், அழுத்தாதீர்கள். கிறுக்கிச் சிதைத்த ஒரு மனித முகம் திரை நிறைய வந்து, யாருக்குப் பயந்து ஓடுகிறாய் என்று கேட்கும். ஐந்து வயதில் அதைப் பார்த்த என் மகள் ஒரு வாரம் அந்தக் கண்ணின்மேல் துண்டு போட்டு மூடிவைத்தாள்.

இனி வயிற்றெரிச்சல். படங்கள் நிற்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரியின் தயவில். பேட்டரி செத்தால் ஆல்பம் காலி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். 2022-ல் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் முப்பது இடமும் வெள்ளை. சாவிக் கதை, நத்தை, மீசை, எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த பேட்டரியை நொந்து என்ன செய்ய? மிஞ்சியது ஒன்றே ஒன்று, மீசைப் படத்தை டிவித் திரையிலிருந்து என் கைபேசியில் எடுத்தது. அம்மாவின் நெற்றியில் டியூப் டிவியின் கறுப்புப் பட்டை ஒன்று குறுக்கே ஓடுகிறது.

அப்புறம்தான் புத்தி வந்தது. பற்றவைத்திருந்த பேட்டரியை எடுத்துவிட்டு, அடுத்த முறை சுலபமாக மாற்ற ஒரு பிடிப்பானைப் பற்றவைத்தேன். யுஎஸ்பியில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றும் வாங்கினேன். ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் என்கிற இலவச மென்பொருள் ஆல்பத்தை அப்படியே கணினிக்கு இறக்கித் தருகிறது. வாங்க நினைப்பவர்கள் கேமராவோடு சேர்த்தே ரீடரையும் வாங்கிவிடுங்கள். லென்ஸில் கீறல் இல்லையா, கண் தடங்கலில்லாமல் சுற்றுகிறதா, இரண்டையும் பாருங்கள். பேட்டரி புதுசு என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், எப்படியும் மாற்றிவிடுங்கள்.

இப்போது மாதம் ஒருமுறை கணினியில் இறக்கிவைக்கிறேன். ஆனாலும் ஆல்பம் நிறைந்தால் எதை அழிப்பது என்ற பஞ்சாயத்து மட்டும் தீரவில்லை. "கம்ப்யூட்டர்லதான் இருக்கே" என்றால், "டிவில இருக்கணும்பா" என்கிறாள் மகள். போன ஞாயிறு பக்கத்து வீட்டு நாய்க்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சட்டம் மாட்டி, நட்சத்திரம் குத்தி நான் ஆசையாக வைத்திருந்த என் படம்தான் போனது.