மாணி சாரும் குஞ்ஞூஞ்ஞும்: தோற்காத இருவர், இரண்டு இடைத்தேர்தல்கள்

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் பாலா, புதுப்பள்ளி என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். காரில் கிளம்பினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது. அரை நூற்றாண்டாக இரண்டிலும் எம்.எல்.ஏ. மாறவே இல்லை. பாலாவில் கேரள காங்கிரஸின் கே.எம். மாணி, புதுப்பள்ளியில் காங்கிரஸின் உம்மன் சாண்டி. இருவரும் எம்.எல்.ஏ.வாக இருக்கும்போதே இறந்தார்கள். இருவருடைய இடத்துக்கும் செப்டம்பர் மாதத்தில்தான் இடைத்தேர்தல் வந்தது. 2019இல் பாலா, மாணியின் கட்சியைக் கைவிட்டது. 2023இல் புதுப்பள்ளி, சாண்டியின் மகனுக்கு அப்பாவே ஒருமுறையும் பார்க்காத வித்தியாசத்தை அள்ளிக் கொடுத்தது.

அனுதாப அலை என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் அனுதாபம் பாலாவிலும் இருந்தது. மாணி இறந்தது 2019 ஏப்ரல் 9. இரண்டே வாரத்தில் மக்களவைத் தேர்தல். அதில் அவருடைய கட்சி வேட்பாளருக்குப் பாலா தொகுதியில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு. ஐந்து மாதம் கழித்து அதே தொகுதியில் அதே கட்சிக்காரர் 2,943 வாக்கில் தோற்றார். அனுதாபம் அவ்வளவு சீக்கிரமா வற்றும்? இருவரின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் சாதனைப் பட்டியல். மாணி 13 முறை வென்றவர், சாண்டி 12 முறை. 1965இல் பாலா தொகுதி உருவானபோது வென்ற மாணியைத் தவிர, 2019 வரை அந்தத் தொகுதி வேறு எம்.எல்.ஏ.வைப் பார்த்ததில்லை. ஆனால் 1965இல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. சபை கூடாமலேயே கலைந்தது. ஆக மாணியின் முதல் வெற்றியில் அவர் ஒரு நாள்கூடச் சட்டமன்றத்தில் உட்காரவில்லை. சாண்டி வந்தது 1970இல்தான். இருந்தும் சபையில் உறுப்பினராக இருந்த நாட்களை எண்ணினால் 2022 ஆகஸ்டில் சாண்டி மாணியைத் தாண்டிவிட்டார். வெற்றியின் எண்ணிக்கையில் ஒருவர், நாட்களின் எண்ணிக்கையில் மற்றவர். யார் பெரியவர் என்று கோட்டயம் டீக்கடையில் சண்டை போட இது போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு 13 என்றதும் கலைஞர் ஞாபகம் வரும். அவரும் 13 முறை நின்று 13 முறையும் வென்றவர்தான். ஆனால் அவர் ஏழு தொகுதிகளில் நின்றார். குளித்தலையில் தொடங்கி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் வழியாகத் திருவாரூரில் முடித்தார். அண்ணா நகரில் 1980இல் 699 வாக்கு, துறைமுகத்தில் 1991இல் 890 வாக்கு என்று நூலிழையில் தப்பியதும் உண்டு. காற்று மாறுவதை முன்கூட்டியே உணர்ந்து இடம் மாறுவது ஒரு சாமர்த்தியம். மாணியும் சாண்டியும் அந்தச் சாமர்த்தியத்தைப் பழகவே இல்லை. காற்று எப்படி அடித்தாலும் அதே இடத்தில் நின்றார்கள்.

1970 தேர்தல் இருவருக்கும் பொதுவான முதல் தேர்தல். அப்போது இருவரும் எதிரெதிர் பக்கம். பாலாவில் காங்கிரஸ் நிறுத்தியவர் எம்.எம். ஜேக்கப், பிற்காலத்தில் மேகாலயா ஆளுநராக இருந்தவர். மாணி அவரை வென்றது வெறும் 364 வாக்கில். அவர் வாழ்க்கையிலேயே மிக நெருக்கமான தேர்தல் அது. அதே ஆண்டு இளைஞர் காங்கிரஸிலிருந்து வந்த, 27 வயதை எட்டும் சாண்டி, புதுப்பள்ளியில் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. இ.எம். ஜார்ஜைத் தோற்கடித்தார். 1980இல் பார்த்தால் இருவரும் இடது கூட்டணி வேட்பாளர்கள்! ஏ.கே. அந்தோணியின் காங்கிரஸ் அணியும் மாணியின் கட்சியும் அப்போது மார்க்சிஸ்ட் தலைவர் நாயனார் பக்கம் இருந்தன. 1982இல் இருவரும் காங்கிரஸ் தலைவர் கருணாகரனின் முன்னணிக்கு வந்துவிட்டார்கள். முன்னணி எதுவாக இருந்தாலும் தொகுதிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை.

இனி வேறுபாடு. பாலாக்காரர்கள் அவரை 'மாணி சார்' என்றார்கள். புதுப்பள்ளிக்காரர்கள் சாண்டியை 'குஞ்ஞூஞ்ஞு' என்றார்கள். வீட்டில் குழந்தையைக் கூப்பிடும் செல்லப் பெயர் அது. முதலமைச்சர் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எனக்கு இந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே பாதிக் கதை இருப்பதாகத் தோன்றுகிறது.

மாணி சார் என்றால் சட்டமும் பட்ஜெட்டும். வக்கீல். உள்துறை, சட்டம், வருவாய் எல்லாம் பார்த்தவர் என்றாலும் நிதி அமைச்சர் என்றுதான் நினைவில் நிற்பார். கேரளத்தில் 13 பட்ஜெட் வாசித்தவர் வேறு யாரும் இல்லை. லாட்டரி வருமானத்தில் ஏழைகளின் பெரிய வைத்தியச் செலவைக் கட்டும் காருண்யா திட்டம் அவர் கொண்டுவந்தது. ரப்பர் விலை சரிந்தபோது கிலோவுக்கு 150 ரூபாய் கிடைக்க வழி செய்யும் மானியத்தை 2015 பட்ஜெட்டில் அறிவித்தார். பாலா என்றாலே ரப்பர் தோட்டமும் கத்தோலிக்கத் திருச்சபையும்தான். அந்த இரண்டின் குரலாகத் தன்னை அமைத்துக்கொண்டவர் அவர். பாலா தன் இரண்டாவது மனைவி என்று சொல்லிக்கொள்வார்.

அவருடைய கட்சி அவருக்கே சொந்தம். கேரள காங்கிரஸ் 1964இல் காங்கிரஸிலிருந்து உடைந்து வந்தது. 1979இல் அதிலிருந்து உடைந்த தன் பகுதிக்கு மாணி வைத்த அடையாளம் அடைப்புக்குறிக்குள் ஒரு 'எம்'. அந்த எம் மாணிதான். கட்சி அடிக்கடி உடைவதைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் கேரளத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: 'வளருந்தோறும் பிளரும், பிளருந்தோறும் வளரும்.' மொழிபெயர்க்கத் தேவையில்லை, நமக்கே புரிகிறது. இன்னொரு வேடிக்கை, அந்தக் கட்சியின் சின்னம் இரட்டை இலை. குமுளியைத் தாண்டிவிட்டால் இரட்டை இலைக்கு அர்த்தமே வேறு.

சாண்டியும் பெரிய இலாகாக்களைப் பார்த்தவர்தான். தொழிலாளர், உள்துறை, நிதி, அப்புறம் 2004இலும் 2011இலும் முதலமைச்சர். மாணிக்குக் கடைசி வரை கிட்டாத நாற்காலி அது. ஆனால் புதுப்பள்ளியில் யாரும் அவர் போட்ட பட்ஜெட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வருவார், சர்ச்சுக்குப் போவார், வீட்டில் கூட்டம் கூடும், நின்றபடியே மனுவில் எழுதிக் கொடுப்பார். இதைத்தான் சொல்வார்கள். முதலமைச்சரான பிறகு இதையே மாநிலம் முழுவதும் 'ஜனசம்பர்க்கம்' என்று மாவட்டம் மாவட்டமாக நடத்தினார். நள்ளிரவு தாண்டியும் மனு வாங்கினார். கிராம அதிகாரி செய்ய வேண்டிய வேலையை முதலமைச்சர் செய்கிறார் என்று எதிர்க்கட்சி கிண்டலடித்தது. கிண்டலில் நியாயம் இல்லாமல் இல்லை. தாலுகா அலுவலகம் ஒழுங்காக நடந்தால் சக்கர நாற்காலியோடு ஒருவர் முதலமைச்சர் வரை வர வேண்டியதில்லை. ஆனாலும் அதற்கு 2013இல் ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது.

2016 தேர்தலை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். இருவரும் அப்போது ஊழல் குற்றச்சாட்டுகளின் நடுவே நின்றார்கள். மாணி மீது மதுக்கடை லஞ்சப் புகார். அதனால்தான் 2015 மார்ச் 13 அன்று அவர் பதின்மூன்றாவது பட்ஜெட்டை வாசிக்க விடாமல் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபையில் சபாநாயகரின் நாற்காலியையே தூக்கி எறிந்தார்கள். அந்தக் களேபரத்திலும் வாசித்ததாகக் கணக்குக் காட்டிவிட்டார் மாணி. நவம்பரில், சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு பதவி விலகினார். சாண்டி மீது சோலார் பேனல் மோசடி விவகாரம். அவரைக் குற்றமற்றவர் என்று சி.பி.ஐ. சொன்னது 2022 டிசம்பரில்தான். அதற்குப் பிறகு அவர் ஓராண்டுகூட உயிரோடு இல்லை.

மாநிலம் முழுக்க அவர்களுடைய முன்னணி தோற்றது. பாலாவில் மாணி 4,703 வாக்கில் தப்பினார். புதுப்பள்ளியில் சாண்டி 27,092 வாக்கில் வென்றார். மேலோட்டமாகப் பார்த்தால் மதுக்கடைப் புகார் மாணியைச் சுட்டது, சோலார் சாண்டியைச் சுடவில்லை என்று தோன்றும். அது தப்பு. 2011இல், எந்தப் புகாரும் இல்லாத காலத்திலேயே, மாணியின் வித்தியாசம் 5,259தான். அதற்கு முன் 2006இல் ஏழாயிரத்துச் சொச்சம். 2001இல் அது இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆக, சரிவு புகாரால் வந்ததில்லை. 2006இல் வந்த ஒரு மனிதரால் வந்தது.

அவர் பெயர் மாணி சி. காப்பன். ஆமாம், அவரும் மாணிதான். பாலாவின் பழைய அரசியல் குடும்பம், சினிமாவிலும் இருந்தவர். இடது முன்னணி வேட்பாளராக 2006, 2011, 2016 என்று மூன்று முறை மாணியிடம் தோற்றார். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தார். நான்காவது முறை, எதிரே மாணி இல்லாத 2019 இடைத்தேர்தலில், ஜெயித்தார். ஒரு தொகுதியைப் பற்றிப் பேசும்போது ஜெயித்தவரை மட்டும் பார்ப்பது நம் வழக்கம். தோற்றுக்கொண்டே அங்கேயே இருந்தவரையும் பார்க்க வேண்டும்.

இதற்குச் சரிசமமான ஆள் புதுப்பள்ளியிலும் உண்டு. மார்க்சிஸ்ட் இளைஞர் ஜெய்க் சி. தாமஸ். 2016இலும் 2021இலும் சாண்டியிடம் தோற்றார். ஆனால் 2021இல் வித்தியாசத்தை 9,044க்கு இறக்கிக் காட்டினார். அதற்கு அவருடைய உழைப்பு ஒரு காரணம், இன்னொரு காரணம் பாலாவிலிருந்து வந்தது. 2020இல் மாணியின் மகன் ஜோஸ் கே. மாணி கட்சியில் தன் அணியை இடது முன்னணிக்குக் கொண்டுபோனார். கோட்டயம் மாவட்டம் முழுக்க அந்த வாக்குகளில் ஒரு பங்கு இடம் மாறியது, புதுப்பள்ளியிலும்.

மாணி போனதும் பாலாவில் நடந்ததற்குப் பெயர் சொத்துத் தகராறு. ஒருபக்கம் மகன் ஜோஸ், மறுபக்கம் 2010இல் கட்சியில் வந்து இணைந்த மூத்தவர் பி.ஜே. ஜோசப். யார் தலைவர் என்பதில் தொடங்கிய சண்டை, இடைத்தேர்தலில் சின்னம் தருவதற்குக் கையெழுத்துப் போட ஜோசப் மறுப்பது வரை வந்தது. ஜோஸ் தரப்பு நிறுத்திய ஜோஸ் டோம், பாலாவில் இரட்டை இலை இல்லாமல் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்றார். பல வருடமாக இரட்டை இலையைப் பார்த்துக் குத்திய ஊரில் அன்னாசிப்பழம்! 2,943 வாக்கில் தோற்றதே அதிசயம் என்பேன்.

மகனே நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. ஜோஸ் அப்போது மாநிலங்களவையில் இருந்தார். சரி, 2021இல் மகனே நின்றார், மீட்டெடுத்த இரட்டை இலையோடு நின்றார். இடது முன்னணி மாநிலத்தில் 99 இடங்களைப் பிடித்த தேர்தல் அது. காப்பன் இடதை விட்டுக் காங்கிரஸ் முன்னணிக்குத் தாவி, ஜோஸை 15,378 வாக்கில் தோற்கடித்தார். முன்னணி மாறி நின்றது ஜோஸுக்குப் பாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பனும் மாறித்தானே நின்றார்?

புதுப்பள்ளிக்கு வருவோம். சாண்டி 2023 ஜூலை 18 அன்று பெங்களூரில் இறந்தார். மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் கிளம்பிய உடல், மூன்று நான்கு மணி நேரத்தில் வர வேண்டிய கோட்டயத்துக்கு வந்துசேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. வழி முழுக்க ஜனம். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட கையோடு காங்கிரஸ் மகன் சாண்டி உம்மனை வேட்பாளராக அறிவித்தது. (பெயர் திருப்பிப் போடப்பட்டதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். சாண்டியின் மகன் உம்மன், உம்மனின் மகன் சாண்டி. அப்பா பெயரைப் பின்னால் போடுகிறார்கள், அவ்வளவுதான்.) போட்டிக்கு வேறு வாரிசு இல்லை, சின்னத்துக்குச் சண்டை இல்லை. கை சின்னம் யாருடைய குடும்பச் சொத்தும் இல்லை என்பதால், கோட்டயத்தில் யாரும் அதைப் பூட்டி வைக்க முடியாது. செப்டம்பர் 8இல் எண்ணினார்கள். 37,719 வாக்கு வித்தியாசம். அப்பாவின் அதிகபட்சம் 2011இல் வந்த 33,255. ஜெய்க்குக்கு மூன்றாவது தோல்வி. மாணியின் கட்சி அப்போதும் இடது பக்கம்தான் இருந்தது. பிரச்சாரத்தின்போது அந்தக் கட்சியின் வாக்குகள் பற்றிப் பேசியவர்கள் எண்ணிக்கைக்குப் பிறகு பேச்சை விட்டுவிட்டார்கள்.

மாணிக்கு வந்த வாக்கு ஒரு கட்சிக்கும் ஒரு சமூகத்துக்கும் வந்த வாக்கு, அதை அவர் திறமையாகக் கட்டிக் காத்தார் என்று நினைக்கிறேன். கட்டிய ஒன்றைப் பங்கு பிரிக்கலாம். சாண்டிக்கு வந்தது ஆளுக்கு ஆள் தனித்தனியாக வந்தது, பங்கு பிரிக்க அதில் எதுவும் இல்லை. அமைச்சராக யாரைத் தேர்வு செய்வேன் என்று கேட்டால் தயங்காமல் மாணியைச் சொல்வேன், காருண்யா ஒன்றுக்காகவே. ஆனால் சாண்டியின் மகனுக்குக் கிடைத்த 37,719ஐயும் முழுக்க மரபுச் சொத்தாக எண்ணிவிடக் கூடாது. இறந்து ஏழே வாரத்தில் நடந்த வாக்குப்பதிவு அது. மாநில அரசு மீதான சலிப்பும் அதில் சேர்ந்திருந்தது.

புதுப்பள்ளி புனித ஜார்ஜ் தேவாலய வளாகத்தில் சாண்டியின் கல்லறை இருக்கிறது. அடக்கம் முடிந்த நாட்களிலிருந்தே ஆட்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சிலர் கையில் மனுவும் இருந்தது.