வீட்டுக்கு நர்ஸ் வைப்பவர்கள் கவனத்துக்கு

பக்கவாதத்தில் அப்பா படுக்கையானதும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் மாதம் 22,000 ரூபாய்க்குப் பேசினேன். ஊர் பாளையங்கோட்டை. வந்த பையனின் வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது மாதம் அப்பாவிடம் படித்த ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, சார்வாளை இந்தக் கோலத்துலயா பார்க்கணும்?" அவர் அனுப்பிய லிங்கைத் திறந்தால் அந்த நிறுவனத்தின் விளம்பர வீடியோ. அதில் அப்பா வேட்டி விலகிக் கிடக்கிறார், பையன் ஈரத்துணியால் முதுகைத் துடைக்கிறான். பின்னால் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம். கீழே நிறுவனத்தின் போன் நம்பர், சோகப் பாட்டு வேறு. இஸ்திரி போடாத வேட்டியோடு பால் வாங்கக்கூடப் போகாத மனிதர் அவர்.

பையனைக் கேட்டால், "ஆபீஸ்ல எடுத்து அனுப்பச் சொன்னாங்க" என்கிறான். நேராக ஆபீஸுக்குப் போய்க் கத்தினேன். அதுதான் என் முட்டாள்தனம். நான் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோவைத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜரே வந்தார். ஒரு மாதப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இதில் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று தாளை நீட்டினார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள். விளம்பரத்துக்குச் சம்மதித்தே படம் எடுக்கப்பட்டதாம், இனி எதுவும் கோர மாட்டோமாம். "யாருய்யா சம்மதிச்சா?" என்றாள். மேனேஜர் காபியைக்கூடக் குடிக்காமல் போனார்.

வக்கீலிடம் போனபோதுதான் விவரம் தெரிந்தது. தன் அந்தரங்கத்தையும் தன் குடும்பத்தின் அந்தரங்கத்தையும் காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, மீறினால் நஷ்டஈடு கேட்கலாம் என்று 1994-லேயே கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றே ஆக்கினார்கள். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குக் கிட்டத்தில் உள்ள வழி நுகர்வோர் ஆணையம்தான். நம்பிக்கையில் கொடுத்த சொந்த விவரத்தை வெளியே விடுவதை முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். லட்சக்கணக்கில் வந்து கொட்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

நோட்டீஸ் அனுப்பியாயிற்று. முதலில் போன் செய்த அந்த மாணவர் இறக்கி வைத்த வீடியோ அவர் போனில்தான் இருக்கிறது, வழக்கு முடியும் வரை போனை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது வரும் ஆளிடம் முதல் நாளே எழுதி வாங்கிவிட்டோம். உள்ளே வந்ததும் போன் பிரிட்ஜ் மேலே, அப்புறம்தான் அப்பா அறை.