நோயுற்ற இளங்குஞ்சுக்கு வெப்பத் தட்டு: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

நான்கு கால்களின் மேல் தாழ்வாக நின்று, அடிப்பக்கத்தால் வெப்பம் தரும் வெப்பத் தட்டுகள் கோழி வளர்ப்போருக்குப் பழக்கமானவைதாம். தாய்க்கோழி இல்லாமல் பொரித்த குஞ்சுகள் அதன் அடியில் நுழைந்து ஒடுங்கிக்கொள்ளும். இத்தட்டுகளைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் நலமான குஞ்சுக் கூட்டத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. நான் எழுத முனைவது வேறொரு பயன்பாட்டைப் பற்றி. ஏறத்தாழ நான்கு வார வயதில், உடன்பிறந்த குஞ்சுகளின் எடையில் பாதியளவே இருந்து, தீவனத் தொட்டியிலிருந்து மற்றவற்றால் விரட்டப்பட்டு, இறகுகளைச் சிலிர்த்தபடி கண்மூடி நின்ற ஒரு பெட்டைக் குஞ்சைப் பிரித்து வைத்துப் பராமரித்தபோது இந்தத் தட்டை அதற்கென்றே பயன்படுத்தினேன். முட்டைக்காக வளர்க்கப்படும் இனக் குஞ்சுகள் அந்த வயதில் பொதுவாக 250 முதல் 300 கிராம் வரை இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், அந்தக் குஞ்சின் நிலை விளங்கும். நோயுற்ற குஞ்சுக்கான கருவி என்ற வகையில் இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சொல்லும் முன் வெப்பத்தின் தேவையைச் சொல்லியாக வேண்டும். கோழியின் இயல்பான உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதைக் காத்துக்கொள்ள நல்ல இறகுப் போர்வையும், ஓரளவு கொழுப்பும், தொடர்ந்து உள்ளே செல்லும் தீவனமும் வேண்டும். எடை குறைந்த குஞ்சுக்கு இவற்றில் எதுவுமே போதிய அளவு இல்லாததால், அது உண்ணும் சிறிதளவு தீவனமும் உடலைச் சூடாக வைத்துக்கொள்வதிலேயே தீர்ந்துபோய், தசை வளர்வதற்கோ நோயை எதிர்ப்பதற்கோ ஒன்றும் மிஞ்சாமல் போகிறது. இறகைச் சிலிர்த்து நிற்பது குளிரைத் தடுக்க அது செய்யும் முயற்சிகளுள் ஒன்று. அதோடு, உடல் குளிர்ந்துபோன குஞ்சின் தீனிப்பை, அதாவது விழுங்கிய தீவனம் முதலில் தங்கும் பை, மந்தமாகிவிடும். அந்த நிலையில் பரிவோடு ஊட்டப்படும் கூழ் கீழே இறங்காமல் அங்கேயே தங்கிப் புளிக்கத் தொடங்கும். ஆகவே நலிந்த குஞ்சைக் கையில் எடுத்தவுடன் ஊட்டத் துடிப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது, முதலில் உடம்பு சூடாகட்டும், பிறகு நீர் கொடுங்கள், தீவனம் அதற்குப் பிறகு வரட்டும் என்பதே. நலமான குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை வைத்து, வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். அந்தக் கணக்கின்படி நான்கு வாரக் குஞ்சுக்கு 25 டிகிரியே போதும். நோயுற்ற குஞ்சுக்கு அது போதாது. 29 அல்லது 30 டிகிரி உள்ள ஓர் இடத்தை அதற்குத் தர வேண்டும், வேண்டாதபோது அதை விட்டு விலகிச் செல்லவும் வழி இருக்க வேண்டும்.

அந்த விலகிச் செல்லும் வழிதான் வெப்பத் தட்டின் முதன்மையான சிறப்பு என்பது என் முடிவு. தலைக்கு மேலே தொங்கவிடப்படும் அகச்சிவப்பு விளக்கு, சிறிய நோய்க்கூண்டு ஒன்றின் மூலை முடுக்கெல்லாம் சூடாக்கிவிடுகிறது. குஞ்சு வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு, சிறகுகளை உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்தபடி நின்றாலும் அதனால் தப்ப இயலாது. ஏற்கெனவே நீரிழந்த உடல் மேலும் நீரிழக்கும். தட்டோ தன் அடியில் இருப்பதை மட்டுமே சூடாக்குகிறது. குஞ்சு குளிரும்போது உள்ளே போகிறது, போதும் என்றால் வெளியே வருகிறது, தீவனமும் நீரும் வெளியே குளிர்ந்த பகுதியில் இருப்பதால் அவை கெடுவதும் குறைகிறது. தன் நிலையைத் தானே சீர்செய்துகொள்ளும் உரிமை ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்தக் குஞ்சு உள்ளும் புறமும் நடந்ததைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

இருட்டும் இதில் அடங்கும். தட்டு வெளிச்சம் தருவதில்லை. இரவு முழுவதும் விளக்கொளியில் இருக்கும் குஞ்சு அரைத் தூக்கத்திலேயே இருக்கிறது. நலிந்த உடலுக்கு முழு இருட்டில் கிடைக்கும் உறக்கம் மருந்துக்கு இணையானது. தீ விபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 250 வாட் விளக்கு கழன்று காய்ந்த கூளத்தில் விழுந்தால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. இந்தத் தட்டு அதில் ஒரு சிறு பங்கு மின்சாரத்தையே எடுத்துக்கொள்கிறது, கூளத்தைத் தொட்டாலும் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. விளக்கைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், உடையாமல் இருப்பதற்காக டெஃப்லான் வகைப் பூச்சுப் பூசப்பட்ட பல்புகளை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சூடேறும்போது அப்பூச்சிலிருந்து எழும் புகை பறவைகளின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும்.

கால்களின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நோயுற்ற குஞ்சைப் பொறுத்தவரை தட்டின் பயன் முழுவதும் இதில்தான் இருக்கிறது. நான்கு கால்களையும் தனித்தனியே உயர்த்தவும் தாழ்த்தவும் முடிவதால், தட்டைச் சாய்வாக நிறுத்தலாம். பின்பக்கம் தாழ்ந்தும் முன்பக்கம் உயர்ந்தும் நின்றால், குஞ்சு எந்த ஆழத்துக்குச் செல்கிறதோ அதற்கேற்ற வெப்பம் கிடைக்கும். குஞ்சு நிற்கும்போது அதன் முதுகு தட்டின் அடிப்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும் என்று உற்பத்தியாளரின் குறிப்பு சொல்கிறது. நலமான குஞ்சுக்கு அது சரி. நலிந்த குஞ்சு நிற்பதைவிடப் படுத்திருப்பதே அதிகம் என்பதால், பின்பக்கத்தை அதன் படுத்த உயரத்துக்கு ஓரிரு விரற்கடை மேலே மட்டும் வைத்தேன். அப்போதுதான் அது ஒடுங்கிப் படுத்து நெடுநேரம் உறங்கியது. உயரத்தை அளவுகோலால் தீர்மானிப்பதைவிடக் குஞ்சின் நடத்தையால் தீர்மானிப்பதே சிறந்தது: ஓரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது, மூலையில் நின்று கீச்சிட்டுக்கொண்டே இருந்தால் வெப்பம் போதவில்லை, தட்டை விட்டுத் தொலைவில் வாயைத் திறந்தபடி கிடந்தால் மிகையாகிவிட்டது. இவ்வளவு நல்ல அமைப்பில் ஒரு குறையும் இருக்கிறது. உயரத்தை நிறுத்தும் பற்கள் ஆழமில்லாதவை; தட்டின் மேல் ஏதேனும் பாரம் ஏறினால் ஒரு கால் மட்டும் வழுக்கி இறங்கிவிடுகிறது. எழுந்து நகரவே வலுவில்லாத குஞ்சு அடியில் இருக்கும்போது இது சிறிய குறை அன்று. தட்டின் இரு பக்கத்திலும் சரியான உயரத்தில் மரக்கட்டை வைத்துத் தாங்கலாம், ஆனால் அதை உற்பத்தியாளரே செய்து தந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை இந்தக் கருவியின் இயல்பிலேயே இருப்பது: அது குஞ்சை மறைத்துவிடுகிறது. விளக்கின் கீழ் இருக்கும் குஞ்சு கண்ணெதிரே இருக்கும். தட்டுக்கு அடியில் இருப்பது உறங்குகிறதா, ஒடுங்கிக்கொண்டே போகிறதா என்பது தெரியாது. இதனால் வெப்பத் தட்டை வாங்குகிறவர் கிராம் கணக்கில் காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பேன். நாள்தோறும் காலையில் தீவனம் வைக்கும் முன், ஒரே நேரத்தில், ஒரே கிண்ணத்தில் வைத்து எடை பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே எண் சொல்லிவிடும். இறகு மூடிய உடம்பைப் பார்த்து எடையை மதிப்பிடுவது ஏமாற்றும். கையால் தடவும்போது மார்பெலும்பின் விளிம்பு கத்திபோல் துருத்திக்கொண்டு, இரு புறமும் சதை குழிந்திருந்தால் நலிவு ஆழமானது என்று பொருள். அதே நேரத்தில் மார்பின் வலப்புறம் இருக்கும் தீனிப்பையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் நிரம்பியும் காலையில் காலியாகவும் இருந்தால் உணவுப் பாதை இயங்குகிறது. காலையிலும் நிரம்பியே இருந்தால் எடை கூடியதாகத் தராசு காட்டுவதை நம்பக் கூடாது.

நீர் கொடுக்கும்போது அலகைத் திறந்து மேலிருந்து ஊற்றுவது ஆபத்து. நாக்கின் பின்பகுதியை ஒட்டியே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அது தானாக உறிஞ்சிக்கொள்ளும்.

துப்புரவில் இந்தத் தட்டுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். அடிப்பக்கம் வழவழப்பான ஒரே பரப்பாக இருப்பதால், இணைப்பைக் கழற்றி ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட முடிகிறது. கால்கள் பொருந்தும் குழிகளில் மட்டும் தூசும் எச்சமும் அடைந்துகொள்கின்றன, அவற்றைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தட்டுக்கு அடியிலுள்ள கூளத்தை நாம்தான் கவனிக்க வேண்டும். இந்த வயதுக் குஞ்சு மெலிந்து சோர்ந்து நின்றால் முதலில் ஐயப்பட வேண்டியவற்றுள் ஒன்று இரத்தக் கழிச்சல் நோய். எச்சத்தில் இரத்தம் தெரியாமலும் அது இருக்கலாம். அதை உண்டாக்கும் எய்மீரியா ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் எச்சத்தோடு வெளியேறி, வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் தொற்றக்கூடிய நிலைக்கு முதிர்கின்றன. வெப்பத் தட்டின் அடியில் ஈரமான கூளத்தை விட்டுவைப்பது அந்த ஒட்டுண்ணிக்கு வேண்டியதையெல்லாம் நாமே செய்து தருவதாகும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அம்முட்டைக்கூடுகள் எளிதில் அழிவதில்லை. எனவே நோய்க்கூண்டில் கூளத்துக்குப் பதிலாகக் காகிதத்தின் மேல் துணி விரித்து நாள்தோறும் மாற்றுவதே நல்லது. வழுக்கும் வெறுங்காகிதம் வலுவற்ற கால்களை அகட்டிவிடும் என்பதால்தான் துணி. வெளிர் நிறத் துணியில் எச்சத்தின் நிறமும் தன்மையும் தெளிவாகத் தெரிவது கூடுதல் பயன். புதிய எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கொடுக்கச் சொன்னால், அந்த நாட்களில் தயமின் (வைட்டமின் பி1) கலந்த வைட்டமின் நீரை நிறுத்திவைப்பதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்; தயமினைப் போன்ற வடிவம் கொண்டு ஒட்டுண்ணியை ஏமாற்றியே அம்மருந்து வேலை செய்கிறது, உண்மையான தயமின் மிகுதியாகக் கிடைத்தால் அதன் வலு குறையும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அது நரம்புகளைத் தாக்கிக் கால்களை முடக்கும் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு எந்தத் தட்டும் தீர்வாகாது, மருத்துவரின் முடிவே வேண்டும்.

தட்டின் அளவைப் பற்றி ஒரு சொல். சிறிய அளவே ஒற்றைக் குஞ்சுக்குப் போதும். பெரிதை வாங்கினால் நோய்க்கூண்டில் குளிர்ந்த பகுதிக்கு இடமில்லாமல் போகும், தட்டின் சிறப்பே வீணாகும்.

தனிமை என்ற நோய்க்கு இந்தக் கருவியால் பாதி மருந்துதான் தர முடிகிறது. கோழி கூட்டத்தில் வாழப் பிறந்த பறவை. பிரிக்கப்பட்ட குஞ்சு உரத்த குரலில் ஓயாமல் அழைத்துக்கொண்டே தன் வலுவைச் செலவழிக்கும். முதுகைத் தொடும் வெப்பமும் மேலே ஒரு மறைப்பும் அந்த அழைப்பை வெகுவாகத் தணித்தன என்பதை நான் மனநிறைவோடு பதிவு செய்கிறேன். ஆயினும் உடன்பிறந்தவற்றைப் பார்க்கவும் கேட்கவும் அதற்கு வழி செய்ய வேண்டும். தொற்று ஐயம் நீங்கும் வரை வேறிடத்தில் வைத்து, நலமானவற்றை முதலிலும் நோயுற்றதை இறுதியிலுமாகக் கவனித்துக் கைகழுவுவதே முறை. ஐயம் நீங்கியபின் கம்பி வலைத் தடுப்புக்கு இப்பால், கூட்டத்தின் அருகிலேயே கூண்டை நகர்த்திவிடலாம். தட்டு கூண்டோடு சேர்ந்து எளிதாக நகர்வது அப்போது பெரிதும் உதவியது. முழுவதும் மறந்துபோன குஞ்சைக் கூட்டம் அந்நியமாகவே நடத்திக் கொத்தும் என்பதால் இந்த இடைக்காலம் தவிர்க்க முடியாதது.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டு சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதில்லை. திறந்த கொட்டகையில், கடுங்குளிரில், இது தன் வேலையைச் செய்ய இயலாது. தட்டுக்கு அடியில் நடந்து செல்லவே வலுவில்லாமல் சாய்ந்து கிடக்கும் குஞ்சுக்கு, முதற்சில மணி நேரம் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியும் மூடிய பெட்டியும் நம் கண்பார்வையும்தான் வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடத்தில் அந்தப் புட்டியைத் தயாராக வைத்திருப்பது நல்லது. இந்தத் தட்டில் இயங்குவதைக் காட்டும் சிறு விளக்கு இல்லாததால், மின்சாரம் வருகிறதா என்பதைக் கையை அடியில் நீட்டித்தான் அறிய முடிகிறது. வடமும் கூண்டுக்குள்ளேயே வளைந்து வருவதால், குஞ்சு தெம்பு பெற்றுக் கண்டதையெல்லாம் கொத்தத் தொடங்கும்போது அதற்கு ஒரு குழாய் உறை போட வேண்டியிருக்கும்.

எடை தொடர்ந்து ஏறி, தீனிப்பை காலையில் காலியாகி, குஞ்சு பகலில் தட்டை நாடாமல் திரியத் தொடங்கியதும், பகலில் மட்டும் இணைப்பை நிறுத்தி, கால்களை உயர்த்திக்கொண்டே வந்து, இறுதியில் இரவிலும் நிறுத்திவிடலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் எடுத்துவிடுவதைவிட, வெப்பமில்லாத தட்டையே மறைப்பிடமாகக் கூண்டில் விட்டுவைப்பது நல்லது. கூட்டத்தோடு சேர்த்த முதல் நாட்களிலும் அதே தட்டைக் கொட்டகையின் ஓரத்தில், பெரியவை நுழைய முடியாத உயரத்தில் வைத்தால், விரட்டப்படும்போது ஓடி ஒளிய அதற்கு ஓர் இடம் இருக்கும்.