திருகி இல்லாத ரெக்கார்டர்: ஜூம் எஃப்3, மாணவக் குறும்பட இயக்குநரின் பார்வையில்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டுக் குறும்படங்களில் பல, படத்தால் தோற்பதைவிட ஒலியால் தோற்பதே அதிகம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நல்ல கேமராவும் லென்ஸும் வாடகைக்குக் கிடைத்துவிடுகிற இந்தக் காலத்தில், திரையிடலின்போது பார்வையாளர்கள் நெளியத் தொடங்குவது வசனம் காதில் விழாத இடத்தில்தான். யூனிட்டில் ஒளிப்பதிவு செய்ய ஐந்து பேர் போட்டியிடுவார்கள். பூம் (மைக் பொருத்திய நீண்ட கோல்) பிடிக்க ஆள் தேடினால் அனைவருக்கும் வேறு வேலை வந்துவிடும். ஆகவே ஒலிப்பதிவும் பெரும்பாலும் இயக்குநரின் தலையிலேயே வந்து விழுகிறது. நடிப்பைக் கவனிப்பதா, ஒலிமானியின் முள்ளைக் கவனிப்பதா என்று தவிக்கும் அந்த இயக்குநருக்கு ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஜூம் நிறுவனம் 2022இல் வெளியிட்ட எஃப்3 என்ற ரெக்கார்டர் எவ்வளவு கைகொடுக்கும் என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். பேட்டரியோடு சேர்த்தும் கால் கிலோவைத் தாண்டாது. மைக் கேபிளைச் செருகும் இரண்டு எக்ஸ்எல்ஆர் இணைப்புகள், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர், ஒரு சிறிய கறுப்பு வெள்ளைத் திரை, மைக்ரோ எஸ்டி கார்டு, இரண்டு ஏஏ பேட்டரிகள் ஆகியவற்றுக்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளமைந்த மைக் கிடையாது என்பதால், ஒரு திசை ஒலியையே கூடுதலாகப் பிடிக்கும் ஷாட்கன் மைக்கோ ஆடையில் குத்தும் லேபல் மைக்கோ தனியாக எடுத்தே ஆகவேண்டும். முக்கியமாக, பதிவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி இதில் இல்லவே இல்லை. முதன்முறை கையில் எடுப்பவர்கள் அதைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதை வாடகைக் கடைகளில் காணலாம்.

திருகி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. மிக மெல்லிய ஒலியையும் மிகப் பலத்த ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் மட்டுமே இக்கருவி பதிவு செய்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் பின்னால், ஒலியை எண்களாக மாற்றும் சுற்றுகள் இரண்டு உள்ளன. ஒன்று மெல்லிய ஒலிக்கும் மற்றொன்று பலத்த ஒலிக்குமாக வேலை செய்து, இரண்டும் ஒரே கோப்பில் இணைகின்றன. இதன் பயன் எடிட்டிங் மேசையில்தான் தெரியும். சமையலறைக் காட்சி ஒன்றில் மகள் தாயிடம் ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, எவர்சில்வர் தம்ளரைத் தரையில் வீசி எறிந்து கத்தவேண்டும். சாதாரண ரெக்கார்டரில் முணுமுணுப்புக்கு ஏற்ப அளவை வைத்தால் தம்ளர் விழும் ஒலி கிழிந்துபோகும். தம்ளருக்கு ஏற்ப வைத்தால் முணுமுணுப்பு இரைச்சலில் மூழ்கும். எஃப்3 பதிவை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்தபோது, தம்ளர் விழும் இடத்தில் அலைவடிவம் கத்தியால் சீவியதுபோல் மேலும் கீழும் தட்டையாகத் தெரிந்தது. கிளிப்பின் கெயினை (ஒலி அளவை)க் குறைத்ததும் தட்டையாக இருந்த இடத்தில் கூர்முனைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. உலோக ஒலி முழுமையாக இருந்தது. ஆனால் கோப்பை இடையில் எங்கேனும் 16 பிட்டாகவோ 24 பிட்டாகவோ மாற்றிவிட்டு அதன்பின் குறைத்தால் இந்த மீட்பு நடக்காது. இதை எடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இயக்குநருக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு, விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. திருகி உள்ள கருவியோடு வேலை செய்யும்போது, டேக்குக்கு முன் நடிகரிடம் “ஒரு தடவை முழுக் குரலில் சொல்லிக் காட்டுங்கள், லெவல் பார்க்கவேண்டும்” என்று கேட்கவேண்டியிருக்கும். தொழில்முறை நடிகர்கள் அதில் தங்கள் சக்தியைச் செலவழிக்க மாட்டார்கள். குறும்படத்தில் நடிப்பவர்களோ வகுப்புத் தோழர்கள், பக்கத்து வீட்டு அத்தை, ஆர்வத்தால் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இவர்களிடம் முதல் அழுகையில் உள்ள உண்மை மூன்றாவது அழுகையில் இருக்காது. எஃப்3 இருந்தால் ஒத்திகையையே ஆரவாரமில்லாமல் பதிவு செய்துவிடலாம். அளவைத் தவறாக வைத்துவிட்டோமோ என்ற அச்சம் இல்லாமல் முதல் முயற்சியிலேயே கேமராவையும் ஓடவிடலாம். தேர்ந்த ஒலிப்பதிவாளர் இல்லாத யூனிட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

அதே வேளையில், இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி மாணவர்களிடையே நிலவும் நம்பிக்கை சற்று அளவுக்கு மீறியது. 32 பிட் ஃப்ளோட் காப்பாற்றுவது அளவை மட்டுமே, இடத்தைக் காப்பாற்றாது. மே மாதச் சென்னையில் மின்விசிறியை நிறுத்தாமல் வசனம் எடுக்க முடியாது. நிறுத்தினால் நடிகரின் சட்டை வியர்வையில் நனைந்து அடுத்த ஷாட்டோடு ஒட்டாமல் போகும். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடையே விசிறியைப் போட்டு, வியர்வையைத் துடைத்து, மீண்டும் நிறுத்தி எடுக்கும் நேரத்தை அட்டவணையிலேயே சேர்க்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி ஆகிய எல்லாவற்றையும் இக்கருவி வசனத்தோடு சேர்த்து அதே நேர்மையோடு பதிவு செய்யும். குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, மறக்காமல் மீண்டும் போடுவதற்காக பைக் சாவியை அதற்குள் வைப்பது படப்பிடிப்புகளில் பழைய பழக்கம்; வீட்டுக்காரர் மறுமுறை வீடு தரவேண்டுமானால் பின்பற்றத்தக்கது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் இருக்கும் தெருவில் லொக்கேஷன் பிடித்தவருக்கோ எந்தக் கருவியாலும் உதவ முடியாது.

மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதும் அப்படித்தான். நடிகரின் வாயிலிருந்து ஆறடி தள்ளி, கேமராவின் தலையில் பொருத்திய மைக்கில் விழும் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் அறையின் எதிரொலியும் சேர்ந்தே உயரும். பெசன்ட் நகர்க் கடற்கரைக் காற்று மைக்கில் நேராக மோதினால் மைக்குக்குள்ளேயே ஒலி சிதைந்துவிடும். ரெக்கார்டருக்கு வந்து சேருவதே சிதைந்த ஒலிதான். ஆகவே அளவைப் பார்க்கத் தேவையில்லை என்பதை, காதில் ஹெட்ஃபோன் மாட்டத் தேவையில்லை என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. கேபிளின் கரகரப்பும் லேபல் மைக்கில் சேலை உரசும் ஒலியும் திரையில் ஓடும் அலைவடிவத்தில் தெரியாது; கேட்டால்தான் தெரியும். அந்த ஹெட்ஃபோனை இயக்குநர் மாட்டிக்கொள்வது நல்லதா என்று கேட்டால், ஒருவகையில் நல்லது என்பேன். மானிட்டரைப் பார்க்கும்போது தப்பிவிடும் பொய்யான தொனி காதில் தப்புவதில்லை.

பயன்பாட்டில் சில சங்கடங்கள் உண்டு. கேமராப் பதிவையும் ஒலிப்பதிவையும் பொருத்த உதவும் நேரக்குறியான டைம்கோடு வசதி இக்கருவிக்குள் இல்லை. புளூடூத் அடாப்டரும் தனிக் கருவியும் வாங்கினால்தான் கிடைக்கும். மாணவர்கள் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை: கேமராவிலும் ஒலியைப் பதிவு செய்து, ஒவ்வொரு டேக்குக்கும் ஒழுங்காக கிளாப் அடித்தால் எடிட்டிங் மென்பொருளே அலைவடிவத்தை வைத்துப் பொருத்திவிடும். எந்தக் கோப்பு எந்த டேக் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது கட்டாயம். ஃபேன்டம் பவர் கேட்கும் மைக்கைப் போட்டால் ஏஏ பேட்டரிகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், யூஎஸ்பி வழியாக பவர் பேங்கை இணைத்துவிடுவது மேல். கோப்பின் அளவு கவலைக்குரியதன்று. 48 கிலோஹெர்ட்ஸில் இரு தடப் பதிவு மணிக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி மட்டுமே.

“எப்படியும் டப்பிங் பேசிவிடலாமே, இவ்வளவு பாடு எதற்கு” என்ற கேள்வி தமிழ்ச் சூழலில் இயல்பாக எழும். படப்பிடிப்பில் வழிகாட்டியாக மட்டும் பதிவு செய்யும் பைலட் ட்ராக்கை வைத்து டப்பிங் பேசிப் பழகிய மரபு நம்முடையது. ஆனால் டப்பிங் என்பது தனிக் கலை. பக்கத்து வீட்டு அத்தை சமையலறையில் நின்று இயல்பாகச் சொன்ன வசனத்தை, இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி அறையில் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொல்லும்போது அது பாடம் ஒப்பிப்பதாக மாறிவிடும். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறுவது வேறு. இதோடு ஒப்பிட்டால் எஃப்3இன் ஒருநாள் வாடகை கேமரா வாடகையில் ஒரு சிறு பங்குதான்.

வெளியானபோது அமெரிக்காவில் 350 டாலர் அளவில் விற்கப்பட்ட இக்கருவியை ஒரே படத்துக்காக மாணவர் சொந்தமாக வாங்கவேண்டியதில்லை. துறை ஒன்று வாங்கி வைத்தால் பல ஆண்டுகளுக்குப் பயன்படும். தனியே வாங்க விரும்புபவர்கள் 2024இல் வந்த எச்4 எசென்ஷியலையும் பார்க்கலாம். அதிலும் 32 பிட் ஃப்ளோட் உண்டு, உள்ளமைந்த மைக்கும் உண்டு, விலையும் குறைவு. எனினும் மெல்லிய வசனங்களில் கருவியின் சொந்த இரைச்சல் குறைவாக இருப்பது எஃப்3இல்தான். கதையில் பந்தியோ குடும்பச் சண்டையோ வந்து நால்வர் ஒரே நேரத்தில் பேசவேண்டியிருந்தால் இதன் இரண்டு இணைப்புகள் போதாது. அந்த நாளுக்கு மட்டும் கூடுதல் தடங்கள் கொண்ட கருவியையும், பேட்டா கொடுத்தாவது அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.