சுங்கை சிப்புட் இலவச சட்ட வகுப்பு: போகலாமா?

நம்ம ஊர் மண்டபத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் சட்ட வகுப்புக்கு இந்த முறை தலைப்பு நிலைமாறுகால நீதி. அதாவது கொடுங்கோல் ஆட்சி போய் மக்களாட்சி வந்த நாடுகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது. இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று நினைத்தேன், நாற்காலி போதவில்லை.

முதல் பாதி சுமார். பேச்சாளர் திரையில் இருப்பதையே வாசித்தார். அர்ஜென்டினா மட்டும் பரவாயில்லை: 1985இல் இராணுவத் தலைவர் விடேலாவுக்கு ஆயுள் தண்டனை, 1990இல் அதிபர் மெனெம் மன்னித்து வெளியே விட்டார், அப்புறம் அந்த மன்னிப்பே செல்லாமல் போய் 2013இல் ஆள் சிறையில்தான் செத்தார்.

தென்னாப்பிரிக்கா வந்ததும்தான் கூட்டம் நிமிர்ந்தது. நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம், கண்ணீர், மன்னிப்பு என்று பேச்சாளர் உருகிக்கொண்டிருக்க, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அக்கா எழுந்து, "அதெல்லாம் சரி தம்பி, பறிகொடுத்தவங்களுக்குக் காசு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். தோட்டத்தை விற்றபோது நட்டஈட்டுக்கு அலைந்தவர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வேறு என்ன கேட்பார்கள்!

அந்தக் கேள்விக்குப் பேச்சாளர் சொன்ன பதிலுக்காகவே போகலாம். பொதுமன்னிப்பு வழங்க ஆணையத்துக்கே அதிகாரம் இருந்ததாம். செய்ததை முழுதாகச் சொல்லி, அரசியல் நோக்கத்தோடு செய்தது என்று காட்டிவிட்டால் வழக்கே கிடையாது. (மனுப் போட்ட 7,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொன்னார்.) நட்டஈட்டுக்கோ ஆணையம் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 20,000 ராண்டு, 6 ஆண்டுகளுக்கு என்று எழுதிக்கொடுத்தார்கள், அரசாங்கம் 2003இல் ஒரே தடவையாக 30,000 ராண்டு என்று முடித்துவிட்டது. அதுவும் ஆணையத்தின் பட்டியலில் பெயர் இருந்தால்தான். கொன்றவன் கணக்கை உடனே தீர்க்கச் சட்டத்தில் வழி வைத்தவர்கள், செத்தவன் குடும்பத்தை மட்டும் அரசாங்கத்தின் மனசை நம்பிக் காத்திருக்க வைத்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பேச்சாளர், அன்றைக்கு உள்நாட்டுப் போர் வராமல் தடுத்ததே பெரிசு என்றார். இருக்கலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோன நம் தோட்டத்து ஆட்களுக்கு என்ன என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். இதற்காகவே ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

தே ஓவும் கறிபாப்பும் இலவசம், கறிபாப் சூடாக இருந்தது. 5க்கு 3.5. அடுத்த மாதம் சிலி நாடாம். முன்வரிசையில் இடம் பிடியுங்கள், பின்னால் காற்றாடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.