பரணா, போனா, ஒரு டிரங்குப் பெட்டியா?

31 வருடம் சமூக அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்று வந்தபோது கூடவே பள்ளிக் காகிதங்கள் அடைத்த 11 அட்டைப்பெட்டிகளும் வீட்டுக்கு வந்தன. எட்டு பரணில் ஏறின. மூன்றைத் தார்சாவில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஆறு திருநெல்வேலி சிந்துபூந்துறைத் தெருக்களுக்குள் வந்தபோது அந்த மூன்றும் போயின. வருத்தப்பட உட்கார்ந்தால், உள்ளே என்ன இருந்தது என்று எனக்கே நினைவில்லை. அப்போதுதான் மிச்சமுள்ள எட்டுக்கு ஒரு வழி பண்ண நினைத்தேன்.

எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மனசுக்குச் சுகம், ஆனால் இடம் அடைக்கும். படம் எடுத்துப் போனில் ஏற்றிவிடலாம். அல்லது ஒரு டிரங்குப் பெட்டி கொள்ளும் அளவு வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போடலாம். நான் செய்தது கடைசி வழி. அதனால் அதன் பக்கம்தான் பேசுவேன்.

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது பராமரிப்பு. காகிதத்தைக் கட்டி ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் இறக்கி, வெயில் காட்டி, தூசி தட்டி, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். எட்டுப் பெட்டிக்கு நான்கு நாள், ஏணி பிடிக்க ஓர் ஆள். ஒரு வருடம் சோம்பல்பட்டு விட்டேன். பத்தாம் வகுப்புக் கட்டு முழுக்கக் கரையான் மண். இது வருடா வருடம் வரும் வேலை, என் முழங்காலோ வருடா வருடம் மோசமாகிறது.

போனுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்றான் அண்ணன் மகன். அதற்கும் வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயிலும் படங்களும் அதற்குள்தான். இரண்டு வருடம் தொடாத கணக்கை அவர்கள் அழிக்கவும் செய்யலாம். அதைவிடப் பெரிய தொல்லை பெயர் வைப்பது. 400 பக்கம் எடுத்தேன். எட்டாம் வகுப்பு வினாத்தாளைத் தேடினால் பேத்தியின் பிறந்தநாள் கேக் வருகிறது. கடையில் ஸ்கேன் செய்து ஒழுங்காக அடுக்கியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். நான் மல்லுக்கட்டியது இரண்டு வாரம்தான்.

சரி, டிரங்குக்குள் எது போக வேண்டும்? வேறெங்கும் கிடைக்காதது மட்டும். 2018, 2019இல் பாடநூல்கள் மாறிய பிறகு பழைய பாடக்குறிப்பு, வினாத்தாள் திட்டமான ப்ளூபிரின்ட், கைடு, வினாத்தாள் கட்டுகளால் யாருக்கும் பயனில்லை. ஆறு பெட்டி அதிலேயே காலி. வைத்துக்கொண்டவற்றில் முதலாவது, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என்று பிரியும் கால்வாய்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து வரைந்த சார்ட். அப்புறம், 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆவதற்கு முன் வரைந்த திருநெல்வேலி மாவட்டப் படம்.

எல்லாவற்றுக்கும் மேலே மூன்று நோட்டு. விடைத்தாள்களில் பிள்ளைகள் செய்த தப்புகளை வருடவாரியாக எழுதிவைத்தவை. மழை மறைவுப் பகுதி என்றால் மலை தடுப்பதால் மழை குறையும் இடம். அதை மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடம் என்று ஒரே வகுப்பில் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்துகிறதே, ஏன் என்று கேட்டுப் பாடத்தை ஆரம்பிக்க அந்த ஏழு பேர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். புது டீச்சர் யாராவது வந்து கேட்டால் நான் எடுத்துக் கொடுக்கப்போவது இந்த நோட்டுகளைத்தான்.

மதிப்பெண் பட்டியல்களை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊரில் பாதிப் பேர் நம்மிடம் படித்தவர்கள்; தன் 23 மார்க்கை வடைப் பொட்டலத்தில் ஒருவர் பார்க்க வேண்டாம். நான் கிழித்து வாளியில் ஊறப்போட்டேன்.

ஒரு தப்பும் செய்தேன். பெட்டியைப் பெரிதாக வாங்கிவிட்டேன். நிறைந்தபின் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆற்றங்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், ஓர் ஆள் தூக்கி மாடியேற்றும் அளவில் சின்னதாக இரண்டு வாங்குங்கள்.