கடல்நீர்த் தொட்டிக்கு ரெடிமேட் சம்ப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சம்ப் என்பது மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு தொட்டி. மேல்தொட்டித் தண்ணீர் ஒரு பைப்பில் அதற்குள் இறங்கும், பம்ப் அதை ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்ப மேலே ஏற்றும். சம்ப்பில் பாசி வளர்க்கும் அறைதான் ரெஃப்யூஜியம். நாலடி கடல்நீர்த் தொட்டிக்கு ரெஃப்யூஜியத்தோடு சேர்த்து சம்ப், பம்ப், பைப் எல்லாம் 18,000 ரூபாய் என்று சென்னையில் ஒரு கடை செய்து கொடுத்தது. முதல் கரண்ட் கட்டிலேயே தரை முழுக்க உப்புத் தண்ணீர். கேட்டதற்கு, "கரண்ட் போனா நாங்க என்ன சார் பண்றது?" என்றார் கடைக்காரர். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் சம்ப்பையே கட்ட வேண்டும். அந்தக் கணக்கை அவர்கள் போடவே இல்லை.

மேல்தொட்டி 120 × 45 செ.மீ. ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். ரிட்டர்ன் பைப்பின் வாயை நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே பொருத்தியிருந்தார்கள். பம்ப் நின்றதும், அந்த வாய் காற்றை இழுக்கும்வரை தண்ணீர் பின்னோக்கி வடியும்: 21.6 லிட்டர். சம்ப்போ 60 × 30 செ.மீ., உயரம் 35. ஓடும்போது 28 செ.மீ. வரை நிரப்பச் சொன்னார்கள். மீதி 7 செ.மீ.யில் கொள்வது 12.6 லிட்டர். பாக்கி 9 லிட்டரும், பைப்பில் நின்ற தண்ணீரும் தரைக்குத்தான் வரும்.

தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் சரியாகிவிடும் என்று அதற்கும் தனியாகக் காசு கேட்டார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். சுண்ணாம்பு படிந்தாலோ ஒரு சின்ன நத்தை புகுந்தாலோ அது முழுதாக மூடாது. ரிட்டர்ன் வாயை 1 செ.மீ.க்கு மேல் முக்காமல், இந்த அளவு சம்ப்பில் ஓடும் மட்டத்தை 24 செ.மீ.யோடு நிறுத்தினால் போதும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இறங்கும் பைப் ஒன்றுதான் வைத்திருந்தார்கள். அது அடைத்தால், சம்ப்பில் பம்ப் நிற்கும் ரிட்டர்ன் அறையில் இருக்கும் தண்ணீரை எல்லாம் பம்ப் மேலே தள்ளிவிடும். அந்த அறை 20 × 30 செ.மீ., 24 செ.மீ. தண்ணீர் என்றால் 14.4 லிட்டர். மேல்தொட்டியில் குறைந்தது 3 செ.மீ. காலியிடம் வேண்டும். அவசரத்துக்கு இரண்டாவது பைப் கட்டாயம் கேளுங்கள்.

தரை நனைந்ததைத் துடைத்துவிடலாம். பைப்பைத் திறந்து மூட அவர்கள் போட்டிருந்த பித்தளை வால்வை மன்னிக்கவே முடியாது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. உப்புத் தண்ணீரில் அது கரைந்து இறால், நத்தை, பவளத்தைக் கொல்லும். மீன் ஓரளவு தாங்கும் என்பதால் உடனே தெரியாது. அதற்குள் கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொண்டு பிறகு மெல்ல விடும். பிவிசி வால்வு மட்டுமே போடுங்கள்.

சம்ப்புக்குள் இருக்கும் தடுப்புக் கண்ணாடிகளை ஒட்டியிருந்தது குளியலறைக்கான பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கான். அந்த மருந்து தொட்டிக்கு ஆகாது. வினிகர் வாசனை வந்தால் நல்லது என்பார்கள். குளியலறை சிலிக்கான் பலவற்றிலும் அதே வாசனைதான். ட்யூபை வாங்கிப் பார்த்து, மீன்தொட்டிக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். காற்றுக் குமிழ் பம்ப்புக்குப் போகாமல் தடுக்கும் மூன்று கண்ணாடிகளுக்கு நடுவே அரை அங்குலம்தான் விட்டிருந்தார்கள். சந்து குறுகினால் தண்ணீர் வேகம் கூடி, குமிழை மேலே விடாமல் இழுத்துப் போகும். ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வேண்டும்.

ரெஃப்யூஜியத்துக்கு 'கீட்டோ' (கீட்டோமார்ஃபா என்ற கடல்பாசி) என்று கொடுத்தது காலெர்ப்பா என்ற வேறொரு பாசி. கீட்டோ சிக்கு விழுந்த நைலான் நூல் போல இருக்கும், வேர் பிடிக்காது. காலெர்ப்பா கொடியாக ஓடி இலை விடும். அது திடீரென்று வித்து விட்டால் தண்ணீர் பால்போல் கலங்கும், உறிஞ்சி வைத்த சத்தெல்லாம் திரும்பக் கரையும், ஆக்சிஜன் குறையும். கீட்டோவே வாங்கி, மேல்விளக்கு அணைந்த பிறகு அதன் விளக்கை எரியவிடுங்கள், இரவில் பி.எச். அதிகம் இறங்காது.

இலவசமாக 'ராமேஸ்வரம் லைவ் ராக்', அதாவது உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளப் பாறைத் துண்டுகள், தருவதாகவும் சொன்னார்கள். வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செயற்கைக் கல்லே போதும்.

பில்லில் "அக்வேரியம் ஐட்டம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நீளம், அகலம், உயரம், ஓடும் மட்டம், வால்வு வகை, சிலிக்கான் பெயர் எல்லாம் பில்லில் வரவேண்டும். அப்போதுதான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் கொடுக்கும் புகாருக்கு வலு இருக்கும். பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன், தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி ஓடவிட்டு, அவர்கள் முன்னாலேயே பம்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு இறங்கும் பைப்பை ஒரு துணியால் அடைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு சொட்டு வெளியே வந்தாலும் திருப்பி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.